பூஜ்ஜியம் என்று வந்த பரப்பு: வெட்டிக்கொள்ளும் வளைவரைகளுக்கு இடையே தொகையிடுதல்

கொருக்குப்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒய் = எக்ஸ்³ − 3எக்ஸ் என்ற வளைவரைக்கும் ஒய் = எக்ஸ் என்ற நேர்க்கோட்டுக்கும் இடையே அடைபடும் பரப்பைக் காண வேண்டும். அவர் இரண்டையும் சமப்படுத்தி, எக்ஸ்³ = 4எக்ஸ் என்று எழுதி, இருபுறமும் எக்ஸால் வகுத்து, எக்ஸ்² = 4, ஆகவே எக்ஸ் = −2, எக்ஸ் = 2 என்று கண்டிருக்கிறார். பிறகு −2 முதல் 2 வரை இரண்டின் வேறுபாட்டைத் தொகையிட்டிருக்கிறார். விடை பூஜ்ஜியம். "வரைந்து பார்த்தால் இரண்டு இதழ்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஐயா. பரப்பு எப்படி இல்லாமல் போகும்? எப்போது பிரிக்க வேண்டும், எப்போது பிரிக்க வேண்டாம், எப்போது ஒய்யைப் பொறுத்துத் தொகையிட வேண்டும் என்று ஒரு விதியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். சரியான பரப்பு 8 சதுர அலகுகள். நீங்கள் தொகையிட்டதில் பிழை ஏதும் இல்லை. அந்தச் சார்பை −2 முதல் 2 வரை தொகையிட்டால் யாருக்கும் பூஜ்ஜியம்தான் வரும். பிழை அதற்கு முந்தைய வரிகளில் இருக்கிறது. எக்ஸால் வகுத்தபோது எக்ஸ் = 0 என்ற மூன்றாவது வெட்டும் புள்ளி தொலைந்து போனது. அது தொலைந்ததால், அந்த இடத்தில் மேலே இருந்தது கீழே போவதையும் கீழே இருந்தது மேலே வருவதையும் நீங்கள் கவனிக்க வழியில்லாமல் போனது. படத்தை வரைந்து, விடையை அதனோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று கேட்டீர்களே, அது மிக நல்ல பழக்கம். பலர் பூஜ்ஜியத்தின் கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட மூன்று "எப்போது"க்கும் மூன்று விதிகளை எழுதித் தர என்னால் முடியும். ஆனால் தேர்வு அறையில் மூன்று விதிகளும் ஒன்றோடொன்று குழம்பும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு பொருள்: பட்டை. பட்டையை வரைந்துவிட்டால் விதிகளை நினைவில் வைக்கத் தேவையே இருக்காது.

தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பட்டை என்றால் என்ன என்பதை நான் மனதார உணர்ந்தது கரும்பலகையில் அல்ல, காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே விசைப்படகுகள் பழுதுபார்ப்பதற்காக வரிசையாக நிற்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில், என்னிடம் படித்த ஒரு பையனின் தந்தை தம்முடைய ஃபைபர் படகின் வாய்ப்பகுதியை மூடுவதற்குத் தார்ப்பாய் தைக்கக் கொடுப்பதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தார். படகை மேலிருந்து பார்த்தால் இரண்டு வளைகோடுகள். அணியம் எனப்படும் முன்முனையில் இரண்டும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. அவர் படகின் நீளவாக்கில் ஏழு ஏழு அடியாகச் சாக்கட்டியால் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் குறுக்கே டேப்பை வைத்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு எத்தனை அடி என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார், மகன் எழுதிக்கொண்டான். படகு மணலில் கொஞ்சம் கோணலாகத்தான் கிடந்தது. பக்கத்துச் சுவரிலிருந்து இடப்பக்க விளிம்பு எவ்வளவு தூரம், வலப்பக்க விளிம்பு எவ்வளவு தூரம் என்று அவர் அளக்கவில்லை. அளக்க வேண்டுமா என்பது அவருக்குக் கேள்வியாகக்கூட எழவில்லை.

அந்தச் சுவர்தான் நம்முடைய எக்ஸ்-அச்சு. டேப்பின் ஒவ்வொரு அளவும் ஒரு பட்டையின் நீளம். இரண்டு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பைக் காண நாமும் இதையேதான் செய்கிறோம்: ஓர் எக்ஸ் மதிப்பில் மிக மெல்லிய செங்குத்துப் பட்டை ஒன்றை நிறுத்தி, அதன் மேல் முனையிலுள்ள ஒய் மதிப்பிலிருந்து கீழ் முனையிலுள்ள ஒய் மதிப்பைக் கழித்து, அந்த நீளத்தைப் பட்டையின் நுண்ணிய அகலத்தால் பெருக்கி, இடது எல்லையிலிருந்து வலது எல்லைவரை எல்லாப் பட்டைகளையும் கூட்டுகிறோம். 1675-இல் ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸ் தம் குறிப்புகளில் தொகையிடலுக்கான ∫ என்ற குறியை முதன்முதலாக எழுதியபோது, கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தையே நீட்டி எழுதினார். தமிழில் "தொகையிடல்" என்ற சொல்லே அந்தப் பொருளை வெளிப்படையாகத் தாங்கி நிற்கிறது. நாம்தான் அதைச் சூத்திரத்தின் பெயராக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டும். "அச்சுக்குக் கீழே உள்ள பகுதிக்குக் குறையெண் வரும், ஆகவே அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்" என்று மாணவர்கள் எல்லாக் கணக்குகளிலும் அச்சைத் தாண்டும் இடத்தில் பிரித்துவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கை ஒரு வளைவரைக்கும் எக்ஸ்-அச்சுக்கும் இடைப்பட்ட பரப்புக்கு உரியது. அங்கே அச்சு என்பது ஒய் = 0 என்ற இரண்டாவது கோடு; வளைவரை அதைத் தாண்டும் இடம் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்; ஆகவே பிரிக்கிறோம். இரண்டு வளைவரைகள் தரப்பட்டிருக்கும்போது அச்சு வெறும் சுவர்.

ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ், ஒய் = எக்ஸ் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்² − 3எக்ஸ் = 0 என்பதால் 0, 3 ஆகிய இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் நேர்க்கோடு மேலே, பரவளையம் கீழே. பரவளையம் 0 முதல் 2 வரை அச்சுக்குக் கீழே இருக்கிறது. 2 முதல் 3 வரை மேலே வருகிறது. அச்சை நம்பியவர் மூன்று கணக்குகள் போடுவார்: நேர்க்கோட்டுக்கும் அச்சுக்கும் இடையே 9/2, பரவளையம் அச்சுக்குக் கீழே அடைக்கும் பகுதி 4/3, அதைக் கூட்ட வேண்டும், 2 முதல் 3 வரை பரவளையத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள 4/3, அதைக் கழிக்க வேண்டும். கடைசியில் 9/2. பட்டையை நம்பியவர் ஒரே கணக்கு போடுவார்: பட்டையின் நீளம் எக்ஸ் − (எக்ஸ்² − 2எக்ஸ்) = 3எக்ஸ் − எக்ஸ்². அதைத் தொகையிட்டால் 3எக்ஸ்²/2 − எக்ஸ்³/3. 3-ஐப் பிரதியிட்டால் 27/2 − 9 = 9/2; 0-ஐப் பிரதியிட்டால் ஒன்றுமில்லை. முடிந்தது. பட்டையின் கீழ் முனை அச்சுக்குக் கீழே இருக்கும்போது, குறையெண்ணைக் கழிப்பது கூட்டலாகிவிடுகிறது. குறிகள் தாமாகவே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இதே 3எக்ஸ் − எக்ஸ்² என்ற நீளம் வேறு வளைவரைகளிலிருந்தும் வரலாம். ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ், ஒய் = −எக்ஸ் இரண்டையும் எடுத்தால் அடைபடும் பகுதி முழுவதும் அச்சுக்குக் கீழே கிடக்கிறது; ஆனாலும் நீளம் −எக்ஸ் − (எக்ஸ்² − 4எக்ஸ்) = 3எக்ஸ் − எக்ஸ்², பரப்பும் அதே 9/2. இரண்டு உருவங்களும் பார்வைக்கு வேறு. ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, பிறகு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே சரித்துவிட்டால் பக்கவாட்டுத் தோற்றம் மாறும், ஆனால் சீட்டுகள் அதே சீட்டுகள்தான். ஒவ்வொரு நிலையிலும் குறுக்குநீளங்கள் சமமாக இருக்கும் இரண்டு உருவங்களின் பரப்புகளும் சமம் என்று இத்தாலியக் கணிதர் கவலியேரி 1635-இலேயே எழுதிவிட்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை உருவாக்குவதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் முன்பு அது. கோணலாகக் கிடந்த படகும் நேராகக் கிடக்கும் படகும் ஒரே அளவு தார்ப்பாய்தான் கேட்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். எக்ஸ்³ − 3எக்ஸ் = எக்ஸ் என்று எழுதியதும் வகுக்கக் கூடாது; எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும். எக்ஸ்³ − 4எக்ஸ் = எக்ஸ்(எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) = 0. மூலங்கள் −2, 0, 2. மாறியைக் கொண்ட ஒரு கோவையால் வகுப்பது என்பது "இது பூஜ்ஜியம் இல்லை" என்று சொல்லிவிட்டு வகுப்பதாகும். அது பூஜ்ஜியமாகும் இடத்தில்தான் நமக்கு வேண்டிய புள்ளி ஒளிந்திருக்கிறது. பரப்புக் கணக்கில் மதிப்பெண் போகும் இடங்களில் இதுதான் முதலிடம் என்பது என் அனுபவம். தொகையிடலில் தவறுபவர்களைவிட இந்தச் சமன்பாட்டில் தவறுபவர்களே அதிகம்.

இந்த மூன்று புள்ளிகளும் எக்ஸ்-அச்சை −2 முதல் 0 வரை, 0 முதல் 2 வரை என்று இரண்டு இடைவெளிகளாகப் பிரிக்கின்றன. ஓர் இடைவெளிக்குள் வளைவரைகள் வெட்டிக்கொள்வதில்லை; இரண்டும் தொடர்ச்சியானவை என்பதால், வெட்டிக்கொள்ளாமல் மேலிருப்பது கீழே வர முடியாது. ஆகவே ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரே ஓர் எண்ணைச் சோதித்தால் போதும். −1-இல் வளைவரையின் மதிப்பு −1 + 3 = 2; கோட்டின் மதிப்பு −1. வளைவரை மேலே. 1-இல் வளைவரையின் மதிப்பு 1 − 3 = −2; கோட்டின் மதிப்பு 1. கோடு மேலே. முதல் இடைவெளியில் பட்டையின் நீளம் எக்ஸ்³ − 4எக்ஸ். இரண்டாவதில் 4எக்ஸ் − எக்ஸ்³. முதலாவதைத் தொகையிட்டால் எக்ஸ்⁴/4 − 2எக்ஸ்². 0-இல் அதன் மதிப்பு 0; −2-இல் 4 − 8 = −4. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க 4. இரண்டாவது இடைவெளியிலும் அதேபோல் 4. மொத்தம் 8.

நீங்கள் பெற்ற பூஜ்ஜியத்துக்கும் ஒரு பொருள் உண்டு. நேர்க்கோட்டுக்கு மேலே வளைவரை எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அதே அளவு இடத்தைக் கீழேயும் அடைக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எக்ஸ்³ − 4எக்ஸ் ஓர் ஒற்றைச் சார்பு. ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீரானது. அதை −2 முதல் 2 வரை தொகையிட்டால் ஒரு பாதி மறுபாதியை நீக்கிவிடும். இரண்டு பக்கமும் இப்படிச் சமமாக இருந்ததால் பூஜ்ஜியம் வந்து உங்களை எச்சரித்தது. சமமாக இல்லாத கணக்கில் ஏதோ ஒரு நேர்ம எண் வரக்கூடும். அது பரப்பைப் போலவே தோற்றமளிக்கும். அங்கே தவறு தெரியாமலே போய்விடும். அதனால்தான் படம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எல்லைகள் முன்னதாகவே தரப்பட்டிருக்கும் கணக்குகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒய் = சைன் எக்ஸ், ஒய் = கொசைன் எக்ஸ் ஆகிய வளைவரைகளுக்கும் எக்ஸ் = 0, எக்ஸ் = π/2 ஆகிய செங்குத்துக் கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கேட்டால், எல்லைகள் கைக்கு வந்துவிட்டன என்று நேரே தொகையிடத் தோன்றும். இரண்டும் π/4-இல் வெட்டிக்கொள்கின்றன. அதுவரை கொசைன் மேலே, அதற்குப் பிறகு சைன் மேலே. பிரிக்காமல் தொகையிட்டால் மறுபடியும் பூஜ்ஜியம். பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் √2 − 1. மொத்தம் 2√2 − 2, ஏறத்தாழ 0.828. எல்லை தரப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வெட்டும் புள்ளிகளைத் தேடியே ஆக வேண்டும். எல்லைகள் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும். பட்டையின் மேல் முனை எந்த வளைவரையில் இருக்கிறது என்பதை வெட்டும் புள்ளிகள்தான் சொல்லும்.

சந்திக்கும் இடமெல்லாம் இடம் மாறும் இடமும் அல்ல. ஒய் = எக்ஸ்³ என்ற வளைவரைக்கு எக்ஸ் = 1-இல் உள்ள தொடுகோடு ஒய் = 3எக்ஸ் − 2. இரண்டின் வேறுபாடு எக்ஸ்³ − 3எக்ஸ் + 2 = (எக்ஸ் − 1)²(எக்ஸ் + 2). எக்ஸ் = 1 இரட்டை மூலம்; அங்கே கோடு வளைவரையைத் தொட்டுவிட்டு அதே பக்கத்திலேயே தொடர்கிறது. −2 முதல் 1 வரை அடைபடும் பரப்பு 27/4. ஒற்றைப்படை முறை வரும் மூலத்தில் இடம் மாறும். இரட்டைப்படை முறை வரும் மூலத்தில் மாறாது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் எண்ணைச் சோதிக்கும் பழக்கம் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, எப்போது ஒய்யைப் பொறுத்துத் தொகையிடுவது என்ற கேள்வி. இதற்கும் பட்டைதான் பதில். ஒய்² = 4எக்ஸ் என்ற பரவளையமும் ஒய் = 2எக்ஸ் − 4 என்ற நேர்க்கோடும் அடைக்கும் பகுதியை வரையுங்கள். பரவளையம் வலப்பக்கம் வாய் திறந்திருக்கும். வெட்டும் புள்ளிகள் (1, −2), (4, 4). செங்குத்துப் பட்டை ஒன்றை இடப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள். எக்ஸ் = 0-இலிருந்து 1 வரை பட்டையின் இரு முனைகளும் பரவளையத்தின்மேலேயே இருக்கின்றன: மேல் முனை 2√எக்ஸ், கீழ் முனை −2√எக்ஸ். 1-ஐத் தாண்டியதும் கீழ் முனை நேர்க்கோட்டுக்கு மாறிவிடுகிறது. முனை வேறு வளைவரைக்குத் தாவும் இடத்தில் பிரித்தே ஆக வேண்டும். முதல் பகுதியில் 4√எக்ஸ் என்பதைத் தொகையிட 8/3; இரண்டாம் பகுதியில் 2√எக்ஸ் − 2எக்ஸ் + 4 என்பதைத் தொகையிட 19/3; கூட்டினால் 27/3 = 9. இங்கே முதல் எல்லையான எக்ஸ் = 0 ஒரு வெட்டும் புள்ளியே இல்லை, பரவளையத்தின் முனைப்புள்ளி; சமன்பாடுகளை மட்டும் தீர்த்தவர் 1 முதல் 4 வரை தொகையிட்டு 19/3-இல் நின்றுவிடுவார்.

இனி பட்டையைப் படுக்க வையுங்கள். கிடைப்பட்டை ஒன்று ஒய் = −2-இலிருந்து ஒய் = 4 வரை மேலே ஏறும்போது, அதன் இடது முனை எப்போதும் பரவளையத்தில், வலது முனை எப்போதும் நேர்க்கோட்டில். எங்கும் தாவல் இல்லை. இடது முனையில் எக்ஸ் = ஒய்²/4; வலது முனையில் எக்ஸ் = (ஒய் + 4)/2. வலதிலிருந்து இடதைக் கழித்தால் ஒய்/2 + 2 − ஒய்²/4. தொகையிட்டால் ஒய்²/4 + 2ஒய் − ஒய்³/12. 4-இல் 4 + 8 − 16/3 = 20/3; −2-இல் 1 − 4 + 2/3 = −7/3; கழித்தால் 27/3 = 9. வர்க்கமூலம் இல்லை, பிரிவு இல்லை. எந்தத் திசையில் வைத்தால் பட்டையின் முனைகள் தாவாமல் இருக்கின்றனவோ அந்தத் திசையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு திசையிலும் தாவல் இருந்தால், எதில் தொகையிடுவது எளிதோ அதை எடுங்கள். இரண்டுமே சரியான விடையைத்தான் தரும். நேரம் இருந்தால் ஒன்றை மற்றதற்குச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பரவளையமும் நேர்க்கோடும் வரும் கணக்குகளுக்கு என்று தனியாக ஒரு சரிபார்ப்பு உண்டு. இதை என் மாணவர்கள் எல்லோருக்கும் விரும்பிச் சொல்லிக்கொடுக்கிறேன். வேறுபாடு ஓர் இருபடிக் கோவையாக இருந்து, அதன் தலைக் கெழு (வர்க்க உறுப்பின் கெழு) ஏ ஆகவும், இரு மூலங்களுக்கு இடைப்பட்ட தூரம் டி ஆகவும் இருந்தால், பரப்பு குறியை நீக்கிய ஏ-யை டி-யின் முப்படியால் பெருக்கி 6-ஆல் வகுத்தது. மேலே உள்ள 3எக்ஸ் − எக்ஸ்²-க்கு ஏ-யின் அளவு 1, டி 3; 27/6 = 9/2. கிடைப்பட்டைக் கணக்கில் ஏ-யின் அளவு 1/4, டி 6; 216/24 = 9. இரண்டும் பொருந்துகின்றன. இதன் வேர் மிகப் பழமையானது. பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், ஒரு நாண் பரவளையத்திலிருந்து வெட்டியெடுக்கும் துண்டின் பரப்பு, நாணை அடியாகவும் நடுப்பட்டை பரவளையத்தைத் தொடும் புள்ளியை உச்சியாகவும் கொண்டு அதற்குள் வரையும் முக்கோணத்தின் பரப்பைப் போல் 4/3 மடங்கு என்று நிறுவினார். முக்கோணத்தை வரைந்ததும் மிஞ்சும் இரண்டு துண்டுகளுக்குள் மேலும் இரண்டு முக்கோணங்கள், அவற்றின் மொத்தப் பரப்பு முதல் முக்கோணத்தின் கால்வாசி. அடுத்த சுற்றில் அதில் கால்வாசி. இப்படியே 1 + 1/4 + 1/16 என்று கூட்டிக்கொண்டே போனால் 4/3 வருகிறது. நம் எடுத்துக்காட்டில் 3எக்ஸ் − எக்ஸ்²-இன் நடுப்பட்டை எக்ஸ் = 3/2-இல் இருக்கிறது; அதன் நீளம் 9/4; முக்கோணத்தின் பரப்பு ½ × 3 × 9/4 = 27/8; அதை 4/3-ஆல் பெருக்க 9/2. தொகையிடல் என்ற சொல்லே இல்லாத காலத்தில் ஒருவர் அடைந்த விடையும் நம்முடைய விடையும் ஒன்றாக வருவதைப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. தேர்வில் மட்டும் இந்தக் குறுக்குவழியை ஓரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் தொகையிடலின் படிகள் இருக்க வேண்டும்.

வெட்டும் புள்ளியைச் சரியாகக் காண முடியாத வளைவரைகளும் உண்டு. பாடப்புத்தகம் அவற்றைத் தொடுவதில்லை. ஒய் = கொசைன் எக்ஸ், ஒய் = எக்ஸ், ஒய்-அச்சு மூன்றும் அடைக்கும் பரப்பைப் பாருங்கள். கொசைன் எக்ஸ் = எக்ஸ் என்ற சமன்பாட்டை எந்த இயற்கணித வழியிலும் தீர்க்க முடியாது. கால்குலேட்டரை ரேடியன் முறையில் வைத்து, ஏதேனும் ஓர் எண்ணைத் தட்டி, கொசைன் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தால் எண் 0.7391 என்ற இடத்தில் வந்து நிற்கும். அதுதான் வெட்டும் புள்ளி. பரப்பு, சைன் 0.7391-இலிருந்து 0.7391-இன் வர்க்கத்தில் பாதியைக் கழித்தது, ஏறத்தாழ 0.4005. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வெட்டும் புள்ளியை மிகத் தோராயமாக 0.7 என்றே எடுத்துக்கொண்டாலும் பரப்பு 0.3992 வருகிறது. புள்ளியில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பிழை. பரப்பில் அரை விழுக்காடுகூட இல்லை. காரணம் பட்டைதான்: வெட்டும் புள்ளியை நெருங்கும்போது இரு வளைவரைகளும் நெருங்கிவிடுவதால், அங்கே நாம் விட்டுவிட்ட பட்டைகள் மிகமிகக் குட்டையானவை.

சமன்பாடே இல்லாத வளைவரை என்றால் காசிமேட்டுப் படகுதான். அந்தப் படகின் நீளம் 28 அடி. மகன் எழுதிவைத்த அகலங்கள், அணியத்திலிருந்து ஏழு அடிக்கு ஒன்றாக, 0, 5, 7, 7, 4 அடி. முன்முனையில் 0, ஏனென்றால் அங்கே இரு விளிம்புகளும் சந்திக்கின்றன. பின்பக்கம் இன்ஜின் மாட்டும் பலகையில் 4 அடி. அங்கே விளிம்புகள் சந்திப்பதில்லை, குறுக்கே ஒரு பலகை படகை முடித்துவைக்கிறது. அதாவது ஓர் எல்லை வெட்டும் புள்ளி, மற்றோர் எல்லை எக்ஸ் = 28 என்ற செங்குத்துக் கோடு. அடுத்தடுத்த அகலங்களை நேர்க்கோட்டால் இணைத்துச் சரிவகங்களாகக் கூட்டினால், ஓர அகலங்களில் பாதியையும் நடு அகலங்களை முழுவதுமாகவும் எடுத்து, 7 × (0 + 5 + 7 + 7 + 2) = 147 சதுர அடி. ஆனால் படகின் விளிம்பு வெளிப்பக்கம் புடைத்திருப்பதால் நேர்க்கோடுகள் கொஞ்சம் இடத்தை விட்டுவிடுகின்றன. அந்தப் புடைப்பையும் கணக்கில் கொள்வதுதான் சிம்ப்சன் விதி: மூன்று மூன்று அளவுகளின் வழியே பரவளையம் ஒன்றைச் செலுத்தினால், கெழுக்கள் 1, 4, 2, 4, 1 என்று வரும். 7/3 × (0 + 20 + 14 + 28 + 4) = 7/3 × 66 = 154 சதுர அடி. தாமஸ் சிம்ப்சன் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். அவருக்கும் முன்பே 1615-இல் கெப்ளர் திராட்சை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் காண இதே கருத்தைக் கையாண்டார். நீர்மட்டத்தில் ஒரு கப்பலின் குறுக்குப்பரப்பைக் காணக் கப்பல் வடிவமைப்பாளர்கள் இன்றும் பயன்படுத்துவது இந்த விதியைத்தான். அந்தத் தந்தையிடம் 154 என்று சொன்னேன். மடிப்புக்கும் கயிறு கோக்கும் ஓரத்துக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தம் பங்குக்கு ஒரு கணக்கைக் கூட்டிக்கொண்டார்.

இனி நீங்களே செய்து பார்க்க ஒன்று. ஒய் = எக்ஸ்³ − எக்ஸ் என்ற வளைவரையும் ஒய் = 3எக்ஸ் என்ற நேர்க்கோடும் அடைக்கும் பரப்பைக் காணுங்கள். முதலில் படத்தை வரையுங்கள். இதழ்கள் உங்கள் பழைய படத்தில் இருந்ததைவிட நிமிர்ந்தும் ஒடுங்கியும் தெரியும். வேறுபாட்டை எழுதுங்கள். பிறகு, தொகையிடத் தொடங்குவதற்கு முன்பே விடை 8 என்று ஏன் சொல்லிவிட முடியும் என்பதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.